தெளிந்த தண்ணீரும் ஒரு நூல் கயிறும்

குகைக்குள் டைவ் என்று சொன்னால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 2018இல் தாய்லாந்தில் நடந்ததுதான். தாம் லுவாங் குகைக்குள் 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் அகப்பட்டு, உலகமே இரவிரவாக டிவிக்கு முன்னால் இருந்ததே, அது. அங்கே மழைவெள்ளம், சேறு, நீட்டிய கை தெரியாத தண்ணீர். நான் இறங்கியது அதற்கு நேர்மாறான குகையில். மெக்சிக்கோவின் யுகட்டான் பக்கம், துலும் என்ற ஊருக்குக் கிட்ட. முன்னால் போகிறவர் தண்ணீரில் நீந்துகிறாரா, வெறும் வெளியில் தொங்குகிறாரா என்று சந்தேகம் வரும் அளவுக்குத் தெளிவு. பயமே வராது. அந்தப் பயம் வராததுதான் அங்கே ஆளைக் கொல்லும்.

நான் மட்டக்களப்புக் கல்லடிக்காரன். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை பாசிக்குடாவில் டைவ் கைட் வேலை. வாடைக்காற்று தொடங்கினால் எங்கள் கடல் கலங்கிவிடும், பிறகு மாலைதீவில் ஒரு படகில் வேலை. எங்கள் கரை மூழ்கிய கப்பல்களுக்குப் பேர்போனது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்ணெய்க் கப்பல் அதில் பாதி ஆழத்தில்தான். சாதாரண சிலிண்டரோடு போகலாம் என்பதால் எங்களுக்குப் பிழைப்பு அதில். அந்தக் கப்பலுக்குள் தலையை நுழைத்துப் பார்க்க ஆசைப்படாத ஆளை நான் இன்னும் காணவில்லை. அதனால்தான் கூரைக்குக் கீழே டைவ் செய்வது எப்படி என்று ஒழுங்காகப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் பல வருடமாக இருந்தது.

அதைப் படிக்க மட்டக்களப்பில் இடமில்லை. குடும்பிமலை, தாந்தாமலை எல்லாம் தண்ணீருக்குக் கரையாத பழைய வன்பாறை. யுகட்டான் முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்றுக்கொண்டு லேசான அமிலமாகி, கல்லை ஊரூராகக் கரைத்து நிலத்துக்கடியில் பாதை போட்டிருக்கிறது. எங்காவது கூரை இடிந்து விழுந்தால் அது ஒரு கிணறு. செனோட்டே என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும்: அதுவும் சுண்ணாம்புக்கல் பள்ளம்தான், அங்கேயும் மேலே நன்னீர், கீழே உப்புநீர். ஆனால் மெக்சிக்கோவில் ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்கு நிலத்துக்கடியால் போகலாம். சாக் அக்துன், டோஸ் ஓஹோஸ் என்ற இரண்டு குகைத் தொகுதிகளும் ஒன்றுதான் என்று 2018இல் கண்டுபிடித்தபோது மொத்த நீளம் 347 கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு றோட்டால் போகிற தூரத்தை விடக் கூட.

அக்கா கனடாவில். அவவின் மகளுடைய கலியாணத்துக்குப் போன இடத்தில், டைவ் பைத்தியமான என் மச்சான் ஒருத்தன் கேட்டான், "இவ்வளவு தூரம் வந்திட்டாய், மெக்சிக்கோவுக்கும் ஒரு எட்டுப் போவமா?" கனடா விசா கையில் இருந்ததால் மெக்சிக்கோவுக்குத் தனி விசா தேவைப்படவில்லை. இலங்கைக் கடவுச்சீட்டோடு போக நினைப்பவர்கள் இந்த விதி மாறியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "கிணத்துக்குள்ள இறங்கவா மனே இவ்வளவு காசு செலவழிச்சுப் போற? நம்மட வளவுக்குள்ள கிணறு இல்லையா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

பயிற்சி தண்ணீரில் தொடங்கவில்லை. காட்டுக்குள், மரங்களுக்கு நடுவே தொடங்கியது. கையில் ஒரு ரீல், அதில் எங்கள் ஆட்கள் வலை முடிகிற நூலின் தடிப்பில் நைலோன் கயிறு. முதல் மரத்தில் ஒரு சுற்று, பத்தடி தள்ளி இரண்டாவது மரத்தில் இன்னொரு சுற்று. குகையில் என்றால் முதல் கட்டு நேரே மேலே ஏறித் தண்ணீரை விட்டு வெளிவரக்கூடிய இடத்திலும், இரண்டாவது குகை வாசலுக்குச் சற்று உள்ளேயும் இருக்க வேண்டும். ஒன்று அவிழ்ந்தாலும் மற்றது பிடிக்கும். அங்கிருந்து கயிற்றை இறுக்கமாக வைத்துக்கொண்டே மரம் மரமாகப் போய், வழியில் திரும்பும் இடங்களில் எல்லாம் சுற்றிக் கட்டினோம். பிறகு ஆசிரியர் மாஸ்க்குக்கு மேல் கறுப்புத் துணியைக் கட்டிவிட்டு, "இப்போது வெளியே போங்கள்" என்றார்.

அப்போதுதான் கயிறு போடுகிற விதம் விளங்கியது. பகலில் கண்ணைத் திறந்துகொண்டு போட்ட கயிறு நேராக, அழகாகத்தான் இருந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு அதைப் பிடித்து நடந்தால், ஒரு இடத்தில் கயிறு இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு சாண் இடுக்கால் போகிறது. கை போகும், ஆள் போக முடியாது. தண்ணீருக்குள் இதே இடுக்கு இரண்டு பாறைக்கு நடுவே இருந்தால் கயிறு கையில் இருந்தும் வெளியே வர வழியில்லை. ஆகவே கயிற்றைப் போடும்போது யோசிக்க வேண்டியது போகிற வழியை அல்ல, கண் தெரியாமல் திரும்பி வருகிறவனின் தோள் அகலத்தை. கயிற்றைப் பிடிப்பதும் இறுக்கிப் பிடிப்பதல்ல. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒரு வளையம் போட்டு, கயிறு அதற்குள்ளால் ஓட வேண்டும். இழுத்தால் கட்டு அவிழும், பின்னால் வருகிறவனுக்கும் கயிறு இல்லாமல் போகும். கட்டு வந்தால் மறு கையால் அதற்கு அங்கால் பிடித்துக்கொண்ட பிறகுதான் இந்தக் கையை விட வேண்டும்.

இதையெல்லாம் பொடியன்மாருக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். கல்லடிக் கடற்கரைச் சவுக்கு மரங்களுக்கு நடுவே ஒருநாள் மாலை இதைச் செய்து காட்டினேன், துணியைக் கட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. செலவே இல்லாத பயிற்சி இது. டைவ் படிக்கிற எவரும் செய்து பார்க்கலாம்.

மிதக்காமல் கீழே இறங்க இடுப்பில் கட்டுகிற ஈயத்தின் கணக்கு இரண்டாவது விஷயம். கடல்நீர் நன்னீரை விட ஏறக்குறைய இரண்டரை வீதம் கனம். ஆளும் சிலிண்டரும் மற்ற சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றால், நன்னீரில் இரண்டரைக் கிலோ ஈயம் குறைக்க வேண்டும். பாசிக்குடாவில் கட்டுகிற அதே ஈயத்தைக் கட்டிக்கொண்டு போனால் இடுப்பு கீழே இழுத்து, கால் நிலத்தில் முட்டும். கடலில் கால் முட்டினால் மணல் கிளம்பும், அரை நிமிடத்தில் விழுந்துவிடும். குகைத் தரையில் இருப்பது சுண்ணாம்புத் தூள். ஆயிரக்கணக்கான வருடமாக அசைப்பாரின்றிப் படிந்தது. கிளம்பினால் மணிக்கணக்கில் இறங்காது, அங்கே அதைக் கொண்டுபோக நீரோட்டமும் பெரிதாக இல்லை. இத்தனை தெளிவாக இருந்த தண்ணீர் ஒரு உதையில் பால்வெள்ளையாகி, டோர்ச் வெளிச்சம் அந்த வெள்ளையில் பட்டுத் திரும்பி நம் முகத்திலேயே அடிக்கும்.

எங்கள் கால் கடலுக்குப் பழகிய கால். நீரோட்டத்தை எதிர்த்து மேலும் கீழும் உதைத்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். அந்த உதை தண்ணீரைக் கீழே தள்ளுகிறது, தூள் கிளம்புகிறது. குகையில் முழங்காலை மடித்து, காலில் மாட்டியிருக்கிற துடுப்பை உடம்பை விட உயர்த்தி, தவளை நீந்துகிற மாதிரிப் பக்கவாட்டில் உதைக்க வேண்டும். பின்னால் போகவும் ஒரு உதை இருக்கிறது, நின்ற இடத்தில் திரும்பவும் ஒன்று. இது மூன்றும் வராவிட்டால் ஆசிரியர் வாசலைத் தாண்ட விட மாட்டார். நல்ல ஆசிரியர் என்றால் விடமாட்டார் என்று சொல்ல வேண்டும். குறைந்த காசுக்கு அவசரமாகச் சான்றிதழ் தருகிறவர்களும் உண்டு, மச்சான் முதலில் பேசி வைத்திருந்த ஆள் அப்படி. முழுக் குகைப் பயிற்சியையும் ஒரு வாரஇறுதியில் முடித்துத் தருகிறேன் என்றார். அந்த ஒரு பேச்சே போதும், வேறு ஆளைப் பார்த்தோம்.

கூரையையும் மறந்துவிடக் கூடாது. நாம் விடுகிற குமிழி மேலே போய்க் கூரையில் மோதி, அங்கே ஒட்டியிருக்கிற தூளையும் உதிர்க்கும். உள்ளே போகும்போது கண்ணாடி மாதிரி இருந்த பாதை, உதைப்பில் ஒரு பிழையும் விடாவிட்டாலும்கூட, திரும்பும்போது மங்கலாகத்தான் இருக்கும்.

காற்றுக் கணக்கு எளிது, கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். மூன்றில் ஒரு பங்கு போக, மூன்றில் ஒரு பங்கு திரும்ப, மிச்சம் ஒரு பங்கு தொடக்கூடாது. சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருந்தால் மூன்றில் ஒன்று 66, அதைக் குறைத்து 60 என்று வைத்துக்கொண்டு, மானி 140 காட்டியதும் திரும்ப வேண்டும். யாருடைய மானி முதலில் காட்டினாலும் எல்லோரும் திரும்ப வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது, பெருவிரலை உயர்த்திக் காட்டினால் அந்த டைவ் அத்தோடு முடிந்தது. அந்தத் தொடாத பங்கு யாருக்கு? கூட இறங்குகிற நம் சோடிக்கு. குகையின் ஆகத் தொலைவான இடத்தில் அவனுடைய காற்று போய்விட்டால் இரண்டு பேரும் ஒரே சிலிண்டரில் வெளியே வர வேண்டும். காகிதத்தில் அது சரியாக வருகிறது. ஆனால் பயந்தவனின் மூச்சு காகிதத்தில் எழுதிய மூச்சு அல்ல. அதனால் எங்கள் மாதிரிப் புதியவர்களுக்கு ஆறில் ஒரு பங்கு வந்ததுமே திரும்பு என்பதுதான் விதி. கடலில் 50 பார் மிச்சத்தோடு படகில் ஏறிப் பழகியவனுக்கு, நிறைந்த சிலிண்டரோடு திரும்புவது வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. திரும்பினோம்.

இந்த விதிகள் யாரோ மேசையில் இருந்து எழுதியவை அல்ல. ஷெக் எக்ஸ்லி என்ற அமெரிக்கக் குகை டைவர், 1970களில், புளோரிடா நீரூற்றுக் குகைகளில் செத்தவர்களின் விபத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். பெரும்பாலும் இந்த மூன்று காரணங்களில் ஏதாவது ஒன்று: வெளிவாசல்வரை தொடர்ந்த கயிறு இல்லை, திரும்பக் காற்று வைக்கவில்லை, அளவுக்கு மீறிய ஆழம். பிறகு பயிற்சியின்மையும் போதிய வெளிச்சமின்மையும் சேர்க்கப்பட்டன. இன்றைக்கும் ஆளுக்கு மூன்று டோர்ச் என்பது அப்படி வந்ததுதான். அவரே 1994இல் மெக்சிக்கோவின் சக்கத்தோன் என்ற ஆழ்குழியில், ஆழச் சாதனை முயற்சி ஒன்றில் உயிரிழந்தார்.

கயிறு போடுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உள்ளே நிரந்தரக் கயிறுகள் ஏற்கனவே இருக்கின்றன. அவற்றில் பிளாஸ்டிக் அம்புக்குறி கொளுவியிருக்கும், முனை காட்டுவது கிட்டிய வெளிவாசலை. முன்னொரு காலத்தில் இதற்கு உடுப்புக் காயப்போடுகிற கிளிப்பைத்தான் கொளுவினார்களாம். அந்த நிரந்தரக் கயிறு வாசல்வரை வருவதில்லை. சும்மா எட்டிப் பார்க்க வருகிறவன் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே உள்ளே தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். இடைவெளியை நம் ரீலால் நாம்தான் இணைக்க வேண்டும். பக்கக் கிளைகளும் அப்படியே. கிளைக்குள் போகிறவன் தன் கயிற்றால் பாலம் போட்டு, எந்தப் பக்கம் வீடு என்று தன் அடையாளத்தையும் கொளுவ வேண்டும். "இந்தக் கொஞ்ச இடைவெளிதானே, கண்ணுக்குத் தெரிகிறதே" என்று கயிறில்லாமல் கடப்பதுதான் தெளிந்த தண்ணீர் செய்கிற வேலை. திரும்பி வரும்போது அது கண்ணுக்குத் தெரியாது.

வெளிச்சத்தை அணைத்துச் செய்கிற பயிற்சியை நான் மறக்க மாட்டேன். மூன்று பேரும் கயிற்றில் கை வைத்தோம். ஆசிரியர் டோர்ச்சை அணைத்தார், பிறகு மச்சான், பிறகு நான். மாரியில் கல்லடிப் பக்கம் கரண்ட் போன இரவிலும் எங்கோ ஒரு வெளிச்சம் இருக்கும். அங்கே கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் வித்தியாசமில்லை. என் மூச்சுச் சத்தம் மட்டும். முன்னால் இருக்கிறவனுடைய கையை நான் பிடித்து முன்னே தள்ளினால் "போ", இறுக்கி அழுத்தினால் "நில்". பேச்சு அவ்வளவுதான். விரல் வளையத்துக்குள் கயிறு மெதுவாக ஓடியது, ஒரு அம்புக்குறி வந்தது, அதன் கூர்முனை எந்தப் பக்கம் என்று பெருவிரலால் தடவிப் பார்த்தேன். வெளிப்பக்கம்தான். அந்த ஒரு தடவலில் வந்த நிம்மதி எனக்கு வேறு டைவில் வந்ததில்லை. கொஞ்ச நேரத்தில் முன்னால் நீல நிறம் தெரிந்தபோது மச்சான் கயிற்றை விட்டுவிட்டு விரைந்தான். ஆசிரியர் அவனுடைய துடுப்பைப் பிடித்து நிறுத்தி, மறுபடி கயிற்றில் கையை வைக்க வைத்தார். வெளிச்சம் தெரிவது வேறு, வெளியே வந்தது வேறு.

அழகைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். கூரையிலிருந்து தொங்குகிற கல் விழுதுகள் தண்ணீருக்குள் உண்டாக முடியாது, காற்றில் சொட்டுச் சொட்டாகத்தான் வளரும். கடந்த பனியுகத்தில் கடல் மட்டம் நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்த காலத்தில் அவை காய்ந்த குகைகள். மனிதரும் மிருகங்களும் உள்ளே நடந்திருக்கிறார்கள். 2007இல் ஓயோ நெக்ரோ என்ற குழியில் டைவர்கள் கண்டெடுத்த இளம்பெண்ணின் எலும்புக்கூடு 12,000 வருடத்துக்கும் பழையது. கல் விழுது ஒன்று முறிந்தால் அது திரும்ப வளரப் போவதில்லை, தண்ணீருக்குள் இருக்கும்வரை சொட்டு ஏது? அதனால்தான் சிலிண்டரின் தலை கூரையில் இடிக்காமல் போக வேண்டும், கையால் எதையும் தொடக் கூடாது என்கிறார்கள். இறங்கும் முன் குளிக்கச் சொல்வார்கள், சன் கிறீம் பூசிக்கொண்டு இறங்க விட மாட்டார்கள். அந்த ஊர் குடிப்பது இதே நிலத்தடி நீரை.

பிறகு அந்த நன்னீரும் உப்புநீரும் சந்திக்கிற இடம். நடுவே ஒரு எல்லைக்கோடு. மேலே இருந்து பார்த்தால் கீழே இன்னொரு நீர்மட்டம் இருப்பதாகத் தோன்றும். அதற்குள் நுழைந்ததும், கொதிதண்ணீரில் சீனி கரையும்போது தெரிகிற நெளிநெளியான கோடுகள் எல்லாப் பக்கமும். மானியில் இலக்கம் வாசிக்க முடியாது. கண் பழுதாகிவிட்டதோ என்று பதறுகிறவர்கள் உண்டு. உப்புக்கேற்ப ஒளி வளைகிறது, அவ்வளவுதான். கொஞ்சம் பக்கத்துக்கு விலகி, முன்னால் போகிறவனின் துடுப்பு கலக்காத தண்ணீருக்கு வந்தால் தெளிந்துவிடும். கீழே இறங்கினால் உடம்பு திடீரென மிதக்கப் பார்க்கும், அங்கே ஈயக் கணக்கு மறுபடி மாறுகிறது.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீர் 25 பாகை செல்சியஸ். கேட்க ஒன்றுமில்லை. எங்கள் கடலின் 28, 29க்குப் பழகிய உடம்புக்கு முக்கால் மணி நேரத்தில் பல் அடிக்கத் தொடங்கும், குளிர்ந்தால் மூச்சும் கூடும், காற்றுக் கணக்கும் பிழைக்கும். ஐந்து மில்லிமீற்றர் உடுப்பும் தலைக்கு ஒரு மூடியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இதையெல்லாம் படித்து வந்து மட்டக்களப்பில் என்ன செய்வது? தவளை உதை, ஈயக் கணக்கு, சோடிக்கு ஒரு பங்கு காற்று, மூன்றும் எந்தக் கடலுக்கும் பொருந்தும். சங்குக்கும் கடலட்டைக்கும் அலங்கார மீனுக்கும் சுழியோடுகிற எங்கள் ஆட்கள் மானியே இல்லாமல், சிலிண்டர் காலியாகும்வரை கீழே இருந்துவிட்டு ஏறுவார்கள். அவர்களுக்கு மூன்றில் ஒன்று என்று சொன்னால், "அப்ப உழைப்பு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, மானியாவது வாங்கிக் கொளுவுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஆனால் குகைக் கயிற்றை அப்படியே கொண்டுவந்து கப்பலுக்குள் போடலாமா என்று கேட்டால், கூடாது. சுண்ணாம்புக்கல் கயிற்றை மெல்ல மெல்லத் தேய்க்கும். துருப்பிடித்த இரும்பு விளிம்பு ஒரு அசைவில் அறுத்துவிடும். அந்தக் குகையில் நீர் பெரிதாக அசையாது. இங்கே நீரோட்டம் கயிற்றை இழுத்து அந்த விளிம்பிலேயே உரசிக்கொண்டிருக்கும். தடித்த கயிறு வேண்டும், கட்டுகள் கிட்டக் கிட்ட வேண்டும், எண்பது வருடத்துக்கு மேல் கடலில் கிடக்கிற தகட்டைக் கட்டும் முன் அது நம் இழுப்பைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். அதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. அது கையில் வரும்வரை பிரிட்டிஷ் சார்ஜன்ட்டில் என்னோடு வருகிறவர்களைக் கப்பலின் வெளிப்பக்கமாகத்தான் கூட்டிப் போகிறேன். போன சீசனில் ஒரு விருந்தாளி அதற்காகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு போய், அடுத்த நாள் வேறு கைட் பிடித்தார்.